பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுச் சிக்கல் வராமல் காப்பது: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு பிரசவப் பிரிவில் பல ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். தலைப்பிரசவத்துக்கு வரும் நம் குடும்பங்கள் எங்கே தடுமாறுகின்றன என்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். பெரும்பாலும் அதே நாலைந்து இடங்கள்தான். மருத்துவர் செய்ய வேண்டியதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அம்மாவும் அவருடன் இருப்பவரும் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுதான். வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை; அதன் நுரையீரல் முழுக்க நீர். ஆக்சிஜன் அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. வலியில் கருப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் அந்த வரத்து சற்று நேரம் குறையும். முத்துக்குளிப்பவர்கள் மூச்சடக்கி முங்கி, மேலே வந்து மூச்செடுத்து, மறுபடி முங்குவார்கள் அல்லவா? குழந்தையும் அப்படித்தான். வலி வரும்போது முங்குகிறது, வலி விட்டதும் மேலே வருகிறது. ஆரோக்கியமான குழந்தை இதைத் தாங்கும். மேலே வரும் நேரம் குறைந்துபோனாலோ, முங்கத் தொடங்கும் முன்பே குழந்தை களைத்திருந்தாலோதான் சிக்கல். ஆகவே வலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காப்பாற்றுவதும், களைத்த குழந்தையை நேரத்தோடு கண்டுபிடிப்பதும்தான் நம் வேலை.

1. 36ஆவது வாரத்துக்குள் ஓர் அட்டை எழுதுங்கள்

உள்ளங்கை அளவு அட்டை போதும். கணக்குப்படி பிரசவத் தேதி, ரத்த வகை, சர்க்கரைப் பரிசோதனை முடிவு, ரத்த அழுத்தம், ஒவ்வாமை தரும் மருந்துகள், முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அந்த விவரம். கூடவே ஜிபிஎஸ் என்ற கிருமிக்கான பரிசோதனை முடிவு.

ஜிபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கிருமி அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் தராமல் உடம்பில் இருக்கலாம். பிறக்கும்போது குழந்தைக்குப் போய்விட்டால் நுரையீரல் தொற்றாகலாம். 35 முதல் 37 வாரத்துக்குள் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள். கிருமி இருப்பது தெரிந்தால் வலி தொடங்கியதும் நரம்பு வழியாக பெனிசிலின் ஏற்றுவார்கள். பிறப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே மருந்து ஏறியிருந்தால் நல்ல பாதுகாப்பு. "வலி நன்றாக முற்றிய பிறகு போகலாம்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் இந்த 4 மணி நேரம் கிடைக்காது. ஜிபிஎஸ் இருப்பவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பது இதனால்தான்.

சர்க்கரையும் இந்த அட்டையில் முக்கியம். சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருகிறது. நம்மவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதும் தாமதமாகும், உடம்பும் பெருத்து, பிறக்கும்போது தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் குளுக்கோஸ் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அட்டையை அம்மாவின் கைப்பையில் வையுங்கள். கணவரின் கைப்பேசியில் படமாக மட்டும் இருந்தால் போதாது. அவர் வேலையிடத்தில் இருக்கும்போது பனிக்குடம் உடையும். அட்டை ஜூரோங்கில், அம்மா செங்காங்கில் என்று ஆகிவிடும்.

2. நாள் குறிப்பதில் 39 வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

சிசேரியன் என்று முடிவாகிவிட்டால் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் நட்சத்திரமும் லக்கினமும் வந்துவிடும். பெரியவர்களின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நல்ல நாள் 37 வாரம் 4 நாளில் விழுந்தால், வேறு மருத்துவக் காரணம் இல்லாதபோது அதற்காகக் குழந்தையை எடுப்பது தவறு.

காரணம் இது. கடைசி வாரங்களிலும், வலி தொடங்கிய பிறகும்தான் நுரையீரல் தனக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியேற்றத் தயாராகிறது. வலியே வராமல், அதுவும் சீக்கிரமாக எடுத்தால் நுரையீரல் ஈரத்தோடு வெளியே வருகிறது. டென்மார்க்கில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், முன்கூட்டி நாள் குறித்துச் செய்த சிசேரியன்களில் 37ஆவது வாரத்தில் பிறந்தவர்களில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சுச் சிக்கல் வந்தது. 38இல் அது ஐந்தாகவும் 39இல் இரண்டாகவும் குறைந்தது. இரண்டு வாரப் பொறுமை எவ்வளவு பெரிய மருந்து என்று பாருங்கள்.

நடைமுறையில் நான் சொல்லும் வழி: மருத்துவரிடம் முதலில் தேதிகளை வாங்குங்கள். "39 முடிந்த பிறகு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் நல்ல நேரம் சொல்லுங்கள்" என்று ஜோசியரிடம் கேளுங்கள். வரிசை மாறினால்தான் சண்டை வருகிறது. இந்த வரிசையில் கேட்டு மனம் நோகாமல் முடித்த குடும்பங்கள் பல.

அதே சமயம் ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தையின் வளர்ச்சி போன்ற காரணத்துக்காக மருத்துவரே முன்கூட்டி எடுக்க வேண்டும் என்றால், 39 வாரக் கணக்கைப் பிடித்துக்கொண்டு மறுக்காதீர்கள். உள்ளே இருப்பது வெளியே வருவதைவிட ஆபத்தாகிவிட்ட நிலை அது. 34 வாரத்துக்குள் வலி எடுத்தால் நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுப் பலன் தர சுமார் ஒரு நாள் ஆகும் என்பதால், குறைமாத வலி என்று சந்தேகம் வந்த உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேதி தாண்டிப் போவதும் நல்லதில்லை. 41 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடி தளரத் தொடங்கலாம். குழந்தை உள்ளேயே மலம் கழிக்கும் வாய்ப்பும் கூடும். அந்தச் சமயத்தில் வலி வரவழைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், "தானாக வரட்டுமே" என்று வாரக் கணக்கில் தள்ளாதீர்கள்.

3. கடைசி வாரங்களில் அசைவைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

களைத்துப்போன குழந்தை முதலில் செய்வது, அசைவைக் குறைத்துக்கொள்வது. கிடைக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் சேமிக்கிறது. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இதைவிடச் சீக்கிரமாக எச்சரிக்கை தரும் அடையாளம் வேறில்லை.

28 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் இருக்கும். சிலது அம்மா இரவுச் சாப்பாடு முடித்துச் சாய்ந்ததும் உருளும். சிலது விடியற்காலையில் உதைக்கும். அந்த வழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அது மாறினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் விட்டுவிட்டு அசைவை மட்டும் கவனியுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவுகூட இல்லையென்றால் உடனே மருத்துவமனையை அழையுங்கள். அசைவே இல்லை என்றால் அந்த 2 மணி நேரமும் காத்திருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று.

"மாதம் நெருங்கினால் உள்ளே இடம் இருக்காது, அசைவு குறையத்தான் செய்யும்" என்று சொல்வார்கள். தவறு. அசைவின் விதம் மாறலாம். பெரிய உதை குறைந்து நெளிவும் உருளலும் கூடலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. வலி தொடங்கிய பிறகும் குழந்தை அசையத்தான் வேண்டும்.

இரண்டாவது, குளிர்ந்த ஜூஸ் குடித்துப் பார்ப்பது, இனிப்புச் சாப்பிட்டுப் பார்ப்பது, பிறகு தூங்கி எழுந்து பார்ப்பது என்று இரவைக் கழிப்பது.

மூன்றாவது, இணையத்தில் வாங்கிய சிறு டாப்ளர் கருவி. துடிப்புச் சத்தம் கேட்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். துடிப்பு இருப்பதும், குழந்தை நன்றாக இருப்பதும் ஒன்றில்லை. பல நேரம் கேட்பது அம்மாவின் சொந்தத் துடிப்பாகவும் இருக்கும்.

ஒரு முறை காலை பதினோரு மணிக்கு ஓர் அம்மா வந்தார். முந்தைய மாலையிலிருந்தே அசைவு குறைவு. ராத்திரியில் எல்லோரையும் எழுப்ப வேண்டாம் என்று இருந்துவிட்டார். சொல்லும்போது, ஏதோ தொந்தரவு கொடுக்க வந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கருவியைப் பொருத்தினோம். குழந்தையின் துடிப்பு ஏற்ற இறக்கமே இல்லாமல் கோடு போட்டதுபோல் ஓடியது. அரை மணி நேரத்துக்குள் சிசேரியன். குழந்தை மூச்சு எடுக்கவில்லை. முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்தோம். பல நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குப் போனது. இப்போது நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்கு மறக்காது: "ராத்திரியே வந்திருந்தா நீங்க திட்டியிருக்க மாட்டீங்களா சிஸ்டர்?" யாரும் திட்ட மாட்டோம். பத்து முறை வந்து பத்து முறையும் ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

4. வீட்டிலிருந்து எப்போது, எப்படிக் கிளம்புவது

பனிக்குடம் உடைந்தால் முதலில் மணியைப் பாருங்கள், அப்புறம் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டால் நிறம் தெளிவாகத் தெரியும். தண்ணீர்போலவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருந்தால் மருத்துவமனையை அழைத்துவிட்டுக் கிளம்பலாம். முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி பச்சையாகவோ, பழுப்பாகக் கெட்டியாகவோ இருந்தால், பாட்டிகள் காட்டுப்பீ என்று சொல்லும் முதல் மலத்தைக் குழந்தை உள்ளேயே கழித்திருக்கிறது. மூச்சுக்குத் தவிக்கும் குழந்தை உள்ளேயே ஏங்கி இழுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்ற பேச்சே கூடாது.

மணியை ஏன் குறிக்க வேண்டும்? உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆனால் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. "காலையில" என்ற பதில் எங்களுக்கு உதவாது.

தொலைபேசியில் பேசும்போது இந்த வரிசையில் சொல்லுங்கள்: எத்தனை வாரம், எத்தனையாவது பிரசவம், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, நீர் எப்போது உடைந்தது, என்ன நிறம், ரத்தம் போகிறதா, குழந்தை அசைகிறதா. ஊரிலிருந்து புதிதாக வந்த தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஆங்கிலம் தடுமாறினாலும் நீங்களே பேசுங்கள். "பேபி நாட் மூவிங்", "வாட்டர் கிரீன்", "பிளட் கமிங்" என்ற மூன்றும் சொன்னால் போதும். மீதியை நாங்கள் கேட்டுக்கொள்வோம். கணவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று நிலைகளில் டாக்சி, கிராப் எல்லாம் வேண்டாம், நேராக ஆம்புலன்ஸ் எண் 995. ரத்தம் நிறையப் போவது. வலி விடவே விடாமல் வயிறு பலகைபோல் இறுகி நிற்பது. நீர் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே தென்படுவது. கொடி தென்பட்டால் அதைத் தொட்டு உள்ளே தள்ளாதீர்கள். அம்மா முழங்காலிட்டு, மார்பும் தலையும் தரையைத் தொடும்படி குனிந்து, இடுப்பை உயர்த்தி வைக்க வேண்டும். குழந்தையின் தலை கொடியை நசுக்காமல் இருக்கத்தான் இந்த நிலை. ஆம்புலன்ஸ் வரும் வரை அப்படியே இருங்கள். யாராவது ஒருவர் கீழே இறங்கி, மின்தூக்கியைப் பிடித்து வைத்திருக்கட்டும்.

ஆம்புலன்ஸ் அருகில் உள்ள, தகுந்த மருத்துவமனைக்குத்தான் போகும். நீங்கள் பதிவு செய்த இடத்துக்குப் போகச் சொல்லி வாதாடி நேரத்தை இழக்காதீர்கள். அட்டை கைப்பையில் இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும்.

விளக்கெண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலி வரட்டும் என்று வீட்டில் குடிக்கக் கொடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கில் அம்மாவின் உடம்பில் நீர் வற்றும். வலிகள் இடைவெளி இல்லாமல் வந்தால், குழந்தை மேலே வந்து மூச்செடுக்க நேரம் கிடைக்காது. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

5. பிரசவ அறைக்குள் முதல் அரை மணி நேரம்

வயிற்றில் இரண்டு பட்டைகள் கட்டுவார்கள். ஒன்று குழந்தையின் துடிப்பைக் கேட்கிறது, மற்றது வலியைக் காட்டுகிறது. இதுதான் சிடிஜி. குழந்தையின் சாதாரணத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160.

புதிய அப்பாக்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கண் அந்த எண்ணிலேயே ஒட்டிக்கொள்கிறது. மனைவி கையை நீட்டுவதுகூடத் தெரிவதில்லை. எண் சற்று இறங்கினாலே நடுங்கிவிடுகிறார்கள். வலியின்போது துடிப்பு சற்று இறங்கி, வலி விட்டதும் ஏறுவது பல நேரம் இயல்புதான். பட்டை நழுவினாலும் எண் குதிக்கும். அம்மாவின் துடிப்பையே காட்டவும் செய்யும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "வலி விட்டதும் துடிப்பு பழையபடி திரும்புகிறதா?" முங்கிய குழந்தை மேலே வருகிறதா என்பதுதான் இதன் பொருள். சந்தேகம் வந்தால் மணியை அழுத்திக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்புங்கள்.

கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் பட்டையை நீங்களே அவிழ்க்காதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள். போகவும் வேண்டும், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் தலை இறங்கத் தாமதமாகும்.

அறையின் குளிரைக் கூட்டச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு வியர்த்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். நனைந்த உடம்போடு வெளியே வரும் குழந்தை குளிர்ந்த அறையில் சீக்கிரமே சூட்டை இழக்கும். குளிர்ந்த குழந்தைக்கு மூச்சு விடுவதும் கடினமாகும். அறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

அவசரச் சிசேரியன், ஆயுதம் வைத்து எடுப்பது ஆகியவற்றைப் பற்றி இப்போதே பேசிவிடுங்கள். 36ஆவது வாரச் சந்திப்பிலேயே பேசிவிட்டால் இன்னும் நல்லது. துடிப்பு திரும்பாத நேரத்தில் கையெழுத்துக் கேட்டால், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று ஊருக்குப் போன் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் குழந்தையின் மூளைக்குரிய நிமிடங்கள்.

6. வலி நேரத்தில் இடைவெளியைக் காப்பது

மல்லாந்து படுக்காதீர்கள். கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். இடப்பக்கம் ஒருக்களிப்பது, உட்கார்ந்து முன்னால் சாய்வது, நிற்பது எல்லாம் நல்லது. கணவர் செய்யக்கூடிய எளிய உதவி, தூக்கத்தில் மனைவி மல்லாந்து திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகுவது.

வலியைக் கூட்ட ஆக்சிடோசின் ஏற்றினால் வலிகளை எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் போனால், அல்லது ஒரு வலி முடியுமுன் அடுத்தது தொடங்கினால் தாதியைக் கூப்பிடுங்கள். மருந்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். "சீக்கிரம் முடியட்டும், கூட்டி வையுங்கள்" என்று கேட்பது பாசத்தில் வரும் வார்த்தைதான். ஆனால் நீங்கள் கூட்டச் சொல்வது குழந்தை முங்கியிருக்கும் நேரத்தை.

எபிடூரல், அதாவது வலி தெரியாமல் மரத்துப்போக முதுகில் போடும் மருந்து, போட்டால் சில நேரம் அம்மாவின் ரத்த அழுத்தம் இறங்கும். தலை சுற்றல், குமட்டல், கண் இருட்டல் வந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். திருப்பிப் படுக்க வைத்து, நீர் ஏற்றி, தேவைப்பட்டால் மருந்து கொடுத்துச் சரிசெய்வார்கள். எபிடூரலுக்குப் பயந்து வலியில் துடிக்க வேண்டியதில்லை, கவனித்துக்கொண்டால் போதும்.

வலியைக் குறைக்கப் போடும் பெத்திடின் ஊசிக்கு நேரம் முக்கியம். அது குழந்தைக்கும் போய் மயக்கம் தரும். பிறப்பதற்கு முந்தைய சில மணி நேரத்துக்குள் போட்டால் குழந்தை சோம்பலாக, மூச்சு மந்தமாகப் பிறக்கலாம். அதனால் கீழே அழுத்தம் தெரிந்தாலோ, முக்க வேண்டும்போல் இருந்தாலோ ஊசி போடுமுன் சொல்லிவிடுங்கள்.

நடுக்கம், காய்ச்சல் வந்தாலும் மறைக்காதீர்கள். அம்மாவின் சூடு 38 டிகிரியைத் தாண்டினால் குழந்தைக்கு ஆக்சிஜன் தேவை கூடும், தொற்றாகவும் இருக்கலாம்.

7. முக்கும் நேரம்

வலி வரும்போது மட்டும் முக்குங்கள். உடம்பு உந்தும்போது, உங்களுக்கு வந்த அளவில். மூச்சை மிக நீளமாகப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க முக்கினால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. வலி விட்டதும் முழுதாக விட்டுவிடுங்கள். உடம்பைத் தளர்த்தி, நிதானமாக மூச்சு இழுத்து விடுங்கள்.

கூட இருப்பவர்கள் ஆர்வத்தில் "முக்கு, முக்கு" என்று நிறுத்தாமல் சொல்கிறார்கள். இடைவெளியில் ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு வாய் தண்ணீர், நெற்றிக்கு ஒரு துணி, அது போதும். தாதி "முக்காதீர்கள், ஊதுங்கள்" என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். தலை வெளியே வரும் நேரம் அது.

கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்று கேட்டதும் சிலர் அழுதுவிடுகிறார்கள். மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சும் வரும். நாலில் ஒரு குழந்தை அளவுக்கு இது சாதாரணம். பெரும்பாலும் தலை வந்ததும் ஒரு விரலால் விலக்கிவிடுவோம். மாமனுக்கும் ஒன்றும் ஆகாது.

8. முதல் நிமிடம்

குழந்தை வெளியே வந்ததும் வெதுவெதுப்பான துண்டால் துடைப்போம். அது ஈரத்தை எடுப்பதோடு, தேய்ப்பதே குழந்தையைத் தூண்டி மூச்செடுக்க வைக்கிறது. முதல் துண்டு நனைந்ததும் மாற்றி, உலர்ந்த துண்டோடு அம்மாவின் மார்பில் படுக்க வைப்போம். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 85 தாமாகவே அரை நிமிடத்துக்குள் மூச்செடுக்கும். இன்னும் பத்துத் துடைத்துத் தேய்த்ததும் எடுக்கும். மீதி ஐந்துக்கு முகமூடியும் பையும் வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை முதல் நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதால், குழந்தையை உங்கள் கண் எதிரிலிருந்து சட்டென்று பக்கத்து மேசைக்கு எடுத்துப் போவார்கள். அப்போது வழியில் நிற்காதீர்கள். படம் எடுக்க முன்னால் வராதீர்கள். மேசை விளிம்பைத் தொடாமல் ஓரடி தள்ளி நில்லுங்கள்.

பிறந்த உடன் குழந்தை நீலமாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆக்சிஜன் அளவு முதல் நிமிடத்தில் 60 முதல் 65 விழுக்காடுதான். 85க்கு மேல் போகப் பத்து நிமிடம்வரை ஆகும். நாங்கள் பார்ப்பது நிறத்தைவிட மூச்சையும், இதயத் துடிப்பையும், கைகால் விறைப்பையும்தான்.

நன்றாக அழும் குழந்தைக்குக் கொடியை உடனே வெட்ட வேண்டியதில்லை. ஒரு நிமிடமாவது பொறுத்தால் நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வராத குழந்தைக்கு உடனே வெட்டிவிட்டால் அதற்கும் காரணம் இருக்கும்.

"ஏன் வாயை உறிஞ்சி எடுக்கவில்லை?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். தானாக மூச்சு விடும் குழந்தைக்கு, நீர் பச்சையாக இருந்தாலும், இப்போது வழக்கமாகக் குழாய் விட்டு உறிஞ்சுவதில்லை. தொண்டையில் குழாய் பட்டால் துடிப்பு குறையலாம். அடைப்பு இருந்தால் மட்டும் எடுப்போம்.

9. வழியிலேயே பிறந்துவிட்டால்

இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் விரைவுச்சாலையிலேயே பிறந்துவிடுவதுண்டு. வண்டியை ஓரம் கட்டி 995ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் போடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். கிடைத்த துணியால் குழந்தையைத் தலை முதல் முதுகுவரை தேய்த்துத் துடையுங்கள். அம்மாவின் வெற்று மார்பில் வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தலையையும் மூடுங்கள், மூக்கு வாயை மட்டும் மூடாதீர்கள்.

கொடியை வெட்டாதீர்கள், இழுக்காதீர்கள். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிப்பது வேண்டவே வேண்டாம். முதுகைத் துண்டால் தேய்ப்பதே போதிய தூண்டல்.

10. அடுத்த சில மணி நேரம்

பிறந்தபோது நன்றாக அழுத குழந்தைக்கும் கொஞ்ச நேரம் கழித்துச் சிக்கல் தெரியலாம். அதனால் வார்டுக்கு மாறிய பிறகும் கவனம் வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தவறாகும். பிறந்த குழந்தை சில நொடி நிறுத்தி நிறுத்தித்தான் மூச்சு விடும். 60க்கு மேல் தொடர்ந்து போவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, மூக்குத் துளை விரிவது, விலா இடுக்கில் தோல் உள்ளே இழுப்பது, 20 நொடிக்கு மேல் மூச்சு நிற்பது: இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மணியை அழுத்துங்கள்.

நம் குழந்தைகளின் தோல் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நாக்கையும் ஈறையும் பாருங்கள். உள்ளங்கை, பாதம் முதல் நாள் நீலமாக இருக்கலாம். நாக்கு நீலமாக இருக்கக் கூடாது.

ஈர நுரையீரலால் வரும் வேகமான மூச்சு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். அதற்காகக் குழந்தையைத் தனி வார்டுக்கு எடுத்துப் போனால், தாய்ப்பாலைப் பிழிந்து கொடுத்தனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலை காய சாம்பிராணி போடுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாய் வைத்து ஊதுவது மூன்றும் வேண்டாம். பாட்டியிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால், புறப்படுமுன் எங்களிடம் அழைத்து வாருங்கள். நாங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதல் இரவு மார்பில் போட்டுக்கொண்டிருக்கும்போது குழந்தையின் முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு உங்களுக்குத் தெரிய வேண்டும். கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் இடிக்கக் கூடாது. களைப்பில் அம்மாவுக்குக் கண் சொருகும். அப்பா அந்த நேரம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அம்மா தூங்கிவிட்டால் குழந்தையை மெல்ல வாங்கி, தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.